தெற்கே விழுந்த நிழல்

வெள்ளிக்கிழமை காலை 5.10. ஷார்ஜா தொழில்பேட்டையில் முருகேசன் தங்கியிருக்கும் கேம்ப் வாசலில் எங்கள் வேன் நின்றபோது வெப்பம் 35 டிகிரி. குழுவில் மொத்தம் ஏழு பேர். ஆறு பேர் எங்கள் தமிழ்ச் சபையைச் சேர்ந்தவர்கள்: கணக்காளர் இருவர், நர்ஸ் இருவர், குழுத் தலைவர் டேவிட்சன் அங்கிள், நான். ஜாம்பியாவில் ஒரு கிராமத்து மிஷன் பள்ளிக்கு வகுப்பறை ஒன்று கட்டிக் கொடுக்கப் புறப்பட்டிருந்தோம். ஆறு பேரில் ஒருவருக்கும் கல் வைக்கத் தெரியாது. நான் சிவில் இன்ஜினியர். கட்டட வரைபடம் போடுவேன், சுவர் கோணினால் சொல்வேன். கல் வைக்கத் தெரிந்தவர் ஏழாமவரான முருகேசன் மட்டும்தான். அரியலூர் பக்கம். எங்கள் கம்பெனி சைட்டில் கொத்தனார். சபைக்காரர் அல்ல. நான் கேட்டதற்காகத் தன் வருடாந்திர லீவில் பதினோரு நாளை வெட்டிக்கொண்டு வந்தார்.

வழியனுப்ப அவருடைய ரூம்காரர்கள் நான்கு பேர் லுங்கியோடு நின்றார்கள்.

"லீவு போட்டுட்டு டூட்டி பாக்கப் போறவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா."

"சிங்கத்துக்கு வீடு கட்டப் போறான். டேய், வாஸ்து பாத்துக் கட்டுடா!"

முருகேசன் பையை வேனுக்குள் போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் வரச் சம்மதித்தீர்கள் என்று வழியில் கேட்டேன். "பதினோரு வருசமா ஊரு, கேம்பு, ஊரு, கேம்பு. மூணாவதா ஒரு எடத்தப் பாத்துருவோமேன்னுதான் மேடம்."

பெட்டிகளில் என்னென்ன இருந்தன என்பதற்கு என்னிடம் பட்டியல் உண்டு: கரணை எட்டு, ரசமட்டம் இரண்டு, தூக்குக்குண்டு மூன்று, கதவுக் கீல் பன்னிரண்டு, கையுறை முப்பது ஜோடி. ஆளுக்கு முப்பது கிலோ. விமான நிலையத்தில் ஒரு பெட்டி மட்டும் அறுநூறு கிராம் கூடிப்போய், டேவிட்சன் அங்கிள் கரணை ஒன்றைத் தன் கோட்டுக்குள் வைக்கப் பார்த்துத் தடுக்கப்பட்டார்.

பிற்பகல் 2.40, லுசாக்கா. ஏழே கால் மணி நேரப் பயணம். கடிகாரத்தை இரண்டு மணி பின்னுக்குத் தள்ளினோம். ஜூலை அங்கே குளிர்காலம். விமான நிலையத்துக்கு வெளியே 22 டிகிரி. முருகேசன் துண்டை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். சோங்வே ஊர்வரை தார்ச்சாலை. அதன்பின் 19 கிலோமீட்டர் செம்மண் பாதை. டிரைவர் மோசஸ் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் 'சாரி' என்றார். பத்தொன்பது கிலோமீட்டரும் மன்னிப்புக் கேட்டபடியே வந்தார்.

சனிக்கிழமை காலை 7.30. பள்ளியின் தலைமை ஆசிரியை திருமதி பண்டா எங்களுக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டினார். ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் ஒரே அறையில், முதுகுக்கு முதுகாக உட்கார்ந்திருந்தன. ஒரு பக்கம் கணக்கு, மறுபக்கம் ஆங்கிலம். ஏழாம் வகுப்புக்கு ஆண்டிறுதியில் அரசுத் தேர்வு. அதற்குள் அந்த நாற்பத்தொரு பிள்ளைகளுக்குத் தனி இடம் வேண்டும்; நாங்கள் வந்தது அதற்காகத்தான். இரண்டு மாதத்துக்கு முன்பே என் வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். அதைப் பார்த்து உள்ளூர்க் கொத்தனார் ஃபிரியும் அவர் ஆட்கள் நால்வரும் அடித்தளம் போட்டு, சுவரை மூன்றடி உயரம்வரை எழுப்பி வைத்திருந்தார்கள். ஒன்பது மீட்டர் நீளம், ஏழு மீட்டர் அகலம். தெற்கே நீளத்துக்குத் தாழ்வாரத் திண்டு. வடக்கே மூன்று பெரிய ஜன்னல்களுக்கு இடம். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தேன். நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். ஷார்ஜாவில் எங்கள் சைட்டிலேயே இதைவிட மோசமாகப் பார்த்திருக்கிறேன்.

முருகேசனுக்கும் ஃபிரிக்கும் பொதுமொழி எதுவும் இல்லை. முருகேசன் ஹிந்தியிலும் சைட் அரபியிலும் பேசினார். ஃபிரி உள்ளூர் மொழியான நியாஞ்சாவில் பதில் சொன்னார். பத்து மணிக்கெல்லாம் இருவரும் நூல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பகல் 12.15. சாப்பாட்டு நேரம். மக்காச்சோள மாவுக் களி, கீரை, பொடி மீன். தட்டை எடுத்துக்கொண்டு எல்லாரும் தெற்குச் சுவரின் ஓரமாகத் தாழ்வாரத் திண்டில் வரிசையாக உட்கார்ந்தோம். அங்கேதான் நிழல் இருந்தது.

முருகேசன் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "தாழ்வாரத்துக்கு எதுக்கு மேடம் கூரை? இப்பவே நெழலாத்தான கெடக்கு."

சிரித்தேன். பிறகுதான் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்த்தேன். எழுந்து சுவருக்கு அந்தப் பக்கம் போனேன். வடக்குப் பக்கம் முழுதும் வெயில். பெரிய ஜன்னல்கள் வரப்போகும் இடத்தில், எந்தத் தடுப்பும் இல்லாமல், பெஞ்சுகள் போடவேண்டிய தரையில் வெயில் பளீரென்று கிடந்தது. கைபேசியில் திசைகாட்டியைப் பார்த்தேன். நம்பாமல் டேவிட்சன் அங்கிளின் கைபேசியையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றையே சொல்லின. சூரியன் வடக்கே இருந்தது.

விளக்கம் எளிது. ஷார்ஜாவில் வெயில் தெற்கிலிருந்து வருகிறது. அங்கே நான்கு வருடமாகப் படத்துக்கு முதல் கோடு போடும்போதே என் கை தெற்கை மறைத்து வடக்கைத் திறந்துவிடும். ஜாம்பியா பூமத்திய ரேகைக்குக் கீழே. அங்கே வருடத்தில் பெரும்பகுதி சூரியன் வடக்கே நிற்கிறது. இது தெரியாதது அல்ல. படத்தின் மூலையில் 'தெற்கு அட்சம் 15 டிகிரி' என்று நானே எழுதியிருந்தேன். எழுதிவிட்டு ஷார்ஜாவுக்கே படம் போட்டிருக்கிறேன்.

யாருக்கும் தெரியவில்லை. நான் சொல்லாவிட்டால் தெரியப்போவதும் இல்லை. கட்டடம் நிற்கும், கூரை வரும், புகைப்படம் எடுப்பார்கள். நாற்பத்தொரு பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பார்கள், அதை யாரும் என் பெயரோடு சேர்க்கமாட்டார்கள். மாலை ஐந்து மணிவரை ஒவ்வொரு மணிக்கும் நிழலின் நுனியில் ஓர் ஆணி அடித்துவைத்தேன். ஆணிகளும் என் பக்கம் பேசவில்லை.

ஞாயிறு காலை 6.45. விருந்தினர் வீட்டில் ஜெபம். முருகேசன் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஜெப விண்ணப்பம் உண்டா என்று டேவிட்சன் அங்கிள் கேட்டார். கணக்காளர் ஒருவர் தன் முதுகுவலியைச் சொன்னார். நான், "அங்கிள், படம் தப்பு. தாழ்வாரம் தப்பான பக்கம் இருக்கு" என்றேன்.

"என்ன பிள்ள சொல்லுத?"

பட்டியலாகச் சொன்னேன். வடக்கே புதுத் தாழ்வாரம் வேண்டும். நாலு குழி, ஒரு திண்டு, பன்னிரண்டு மூட்டை சிமெண்ட். நடு ஜன்னலைக் கதவாக்க மூன்றடிச் சுவரை உடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் இரண்டு நாள்.

"ரெண்டு நாளா? அடுத்த ஞாயிறு பிரதிஷ்டைன்னு சபை முழுக்கச் சொல்லியாச்சு. கூரை இல்லாம எதப் பிரதிஷ்டை பண்ண?" அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும் அங்கிள்."

"அப்பம் அந்த அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா நல்லா இருக்காது."

ஆராதனை முடிந்து சொன்னேன். திருமதி பண்டா, படம் வந்த அன்றே ஃபிரி சொல்லிவிட்டதாகச் சொன்னார். 'இந்த இன்ஜினியர் தாழ்வாரத்தைப் பின்பக்கம் வைத்திருக்கிறார்' என்றாராம்.

"ஏன் எனக்கு எழுதவில்லை?"

"படம் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்தோம். கேள்வி கேட்டால் பள்ளி வேறு கிராமத்துக்குப் போய்விடுமோ என்றும் நினைத்தோம்." அப்புறம்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. "ஏழாம் வகுப்புக்கு நான்தான் புவியியல். போன மாதம்தான் இதே பாடத்தை நடத்தினேன்."

திங்கள் காலை 8.00. மோசஸின் பிக்கப்பில் சோங்வேக்குப் போய் வந்தோம். சிமெண்ட் மூட்டை 210 குவாச்சா, ஏறக்குறைய முப்பது திர்ஹாம். ஷார்ஜாவில் வாங்குவதைப்போல் இரண்டு மடங்கு. வழியில் முருகேசனிடம், "நீங்க அப்பவே கவனிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். சோறு திங்க எடம் பாத்தேன், அவ்ளோதான்."

அன்றும் மறுநாளும் குழி, திண்டு, உடைப்பு. ஃபிரியின் ஆட்கள் தாங்கள் கட்டிய சுவரைத் தாங்களே உடைத்தார்கள். முதல் அடியை நானே போட்டேன். செங்கல்லில் சின்னச் சில்லு மட்டும் பறந்தது. "தள்ளுங்க மேடம், அதுக்கு வலிக்கவே இல்ல" என்று சுத்தியலை வாங்கிக்கொண்டார் முருகேசன். செவ்வாய் மாலைக்குள் ஃபிரியின் ஆட்கள் எல்லாரும் முருகேசனைப்போலவே அரபியில் 'யல்லா' என்று கத்தவும், ஒரு வரிசைக் கல் முடிந்ததும் 'கலாஸ்' என்று கரணையைத் தட்டவும் பழகியிருந்தார்கள். அவர்கள் கற்றுக்கொடுத்த நியாஞ்சாச் சொற்களை முருகேசன் எங்களிடம் சொல்ல மறுத்துவிட்டார். நல்ல சொற்களாக இருக்க வாய்ப்பில்லை.

வியாழன் மாலை 4.30. சுவர்கள் முழு உயரத்துக்கு வந்துவிட்டன. தச்சர் ஒருவர்தான். சனிக்கிழமைக்குள் அவரால் பாதிக் கூரை முடியும், அல்லது தாழ்வாரம் முழுவதும் முடியும். தாழ்வாரத்தைச் சுவரில் சாய்த்துத் தனிக் கூரையாகப் போடும்படி மாற்றி வரைந்திருந்தேன். அதனால் எதை முதலில் போட்டாலும் சரி. அறையின் மேல் பாதிக் கூரையாவது தெரியட்டும் என்பது டேவிட்சன் அங்கிளின் எண்ணம். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. வகுப்பறை கட்டத்தானே வந்தோம்.

திருமதி பண்டா ஒப்புக்கொள்ளவில்லை. "பாதிக் கூரை போட்ட அறையில் நான் யாரையும் உட்கார வைக்கமாட்டேன். தாழ்வாரத்தை முடியுங்கள். திங்கட்கிழமை ஏழாம் வகுப்பு அங்கே உட்காரும். அக்டோபர்வரை மழை கிடையாது. அறைக்கூரையை ஃபிரி ஒரு வாரத்தில் போட்டுவிடுவார்."

டேவிட்சன் அங்கிள் சுவரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "சரி, தாழ்வாரத்தையே பிரதிஷ்டை பண்ணிருவோம். ஆண்டவருக்கு உள்ள என்ன, வெளிய என்ன."

ஞாயிறு காலை 10.00. அப்படியே நடந்தது. நான்கு யூகலிப்டஸ் கம்பங்கள், மேலே தகரம், கீழே பாய்கள். கிராமத்தார் பாடினார்கள், நாங்களும் ஒரு தமிழ்க் கீர்த்தனை பாடினோம். எங்கள் குரல் மெலிந்து போனதும் அவர்கள் ராகத்தைப் பிடித்துக்கொண்டு எங்களையும் சேர்த்து இழுத்துப் போனார்கள். அன்று எடுத்த புகைப்படத்தில் எங்களுக்குப் பின்னால் கூரையில்லாத சுவர்தான் தெரிகிறது. டேவிட்சன் அங்கிள் அதையே சபை வாட்ஸாப் குழுவில் போட்டார். 'வேலை தொடர்கிறது' என்று மட்டும் எழுதினார்.

திங்கள் காலை 7.15. ஏழாம் வகுப்பு தாழ்வாரத்தில். கரும்பலகையை வடக்குச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பின்னால் தச்சர் ஆணி அடிக்கும் சத்தம். நாங்கள் பெட்டி கட்டினோம். கருவிகள் எல்லாம் ஃபிரியிடம். எங்கள் பெட்டிகள் காலி.

பகல் 12.10. திருமதி பண்டா முற்றத்தில் ஒரு கம்பை நட்டு, என்னைக் கூப்பிட்டு வகுப்பின் முன்னால் நிறுத்தினார். சூரியன் எந்தப் பக்கம் என்று கேட்டார். நாற்பத்தொரு பேரும் ஒரே குரலில் "வடக்கு!" என்றார்கள். "இந்த இன்ஜினியர் வேலை செய்யும் ஊரில்?"

நான்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது. ஷார்ஜாவில் தெற்கே, நான் பிறந்த பாளையங்கோட்டையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட்வரை வடக்கே, மற்ற மாதங்களில் தெற்கே என்றேன். சூரியன் பக்கம் மாறும் ஊர் என்றதும் பிள்ளைகள் நம்பாமல் சிரித்தார்கள். கடைசி வரிசையில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"ஷார்ஜாவில் தாழ்வாரம் எந்தப் பக்கம் வைப்பீர்கள்?"

"அங்கே தாழ்வாரம் கிடையாது. ஜன்னலை மூடிவிட்டு, குளிர வைக்கும் இயந்திரத்தைப் போட்டுக்கொள்வோம்."

அவள் யோசித்தாள். "அப்படியென்றால் மதியம் வெளியே எங்கே நிற்பீர்கள்?"

"நாங்கள் வெளியே நிற்பதில்லை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். மோசஸ் ஹார்ன் அடித்தார். திருமதி பண்டா என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கிவிட்டு, வகுப்பின் பக்கம் திரும்பி, நிழலை அளக்கச் சொன்னார்.

பகல் 12.50. வண்டி செம்மண் பாதையில் இறங்கியது. முருகேசன் முன்சீட்டில் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது.

"அந்தப் பொண்ணு என்ன மேடம் கேட்டுச்சு? எல்லாம் சிரிச்சுச்சுங்களே."

சொன்னேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

"நீங்க நிக்கறதில்ல மேடம்" என்றார் அவர். "நாங்க நிக்கறோம்."

குறையாகச் சொல்லவில்லை. என் பட்டியலில் விட்டுப்போன ஓர் உருப்படியை எடுத்துக் கொடுப்பதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு, ஜன்னலை இறக்கி, குளிர்ந்த காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடினார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவருக்கு டூட்டி. விமானத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. அடுத்த பள்ளத்துக்கு முன்னால் மோசஸ் 'சாரி' என்றார்.