நிழல் இல்லாத மரப்படம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. லண்டன் வால்தம்ஸ்டோவில் கட்டில், மேசை விற்கிற தளபாடக் கடை வைத்திருக்கிறேன், கட்டடமும் என்னுடையதுதான். பெரிய பட்டம் படித்தவர்கள் அதே தெருவில் வாடகைக்கு இருக்கிறார்கள். பேய் பிசாசுக்குப் பயந்தவனும் இல்லை. பின்னால் வருவதைப் படித்துவிட்டு ஒருவரும் வேறு மாதிரி நினைக்கக்கூடாது என்பதற்காக இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

கட்டடத்தை வாங்கியதும் பின்னறையில் இருந்த பலகைத் தடுப்பை உடைத்தோம். உள்ளே சுவரோடு சுவராக ஒரு பெரிய படம். பெயின்ட் ஒரு துளியும் இல்லை. பல நிற மரங்களைக் கடதாசி போலச் சீவி, உருவம் உருவமாக வெட்டி, இடைவெளி தெரியாமல் ஒட்டியிருந்தார்கள். நீளமான மேசை, அதைச் சுற்றி வேலை செய்கிற ஆட்கள், யன்னல், யன்னலுக்கு வெளியே ஆறு. மேசை ஓரத்தில் ஒருவர் ஒரு தட்டத்தின் முன் குனிந்து நின்றார். அவருக்கு மட்டும் முகம் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் விரல்நுனி அளவு பள்ளம், வெறும் மரம்.

இன்னொன்றும் இருந்தது. அதை முதலில் கண்டவன் நான்தான். யன்னலால் வெயில் விழுகிறது. ஆனால் படத்தில் ஒருவருக்கும் நிழல் இல்லை.

ஹீட்டரைப் போட்டால் அந்தச் சுவர்ப்பக்கம் எலும்பு வேகிற மாதிரி ஒரு மணம் வரும். பொலிஷ் போடுகிறவன் ஒருநாள் சொல்லிவிட்டான்.

“அண்ணை, நான் அந்தாளுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிண்டு வேலை செய்யமாட்டன்.”

“அப்ப முகத்தைக் காட்டு. அந்தாளிட்டை இல்லாதது உன்னட்டை இருக்குத்தானே” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

என் மனிசி வந்து பார்த்துவிட்டு, “ஆரோ போக வழியில்லாமல் நிக்கிற சீவன். விளக்கு வைப்பம்” என்றாள். படத்தின் கீழே ஒரு பலகைத் தட்டு அடித்துக் கொடுத்தேன். தினமும் கடை திறந்தவுடன் விளக்குக் கொளுத்தி, அந்தப் பள்ளத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைப்பாள். வேலையாட்கள் அடங்கினார்கள். வியாபாரம் ஏறியது. அது என்னுடைய கெட்டித்தனத்தால், விளக்கால் அல்ல.

மனிசிக்கு ஒரு தம்பி இருந்தார். ஊரில் சண்டை முடிந்த நாட்களில் காணாமல் போனவர். அவருடைய படம் எங்கள் வீட்டு விறாந்தையில் தொங்குகிறது. பொட்டு இல்லை, மாலை இல்லை, விளக்கு இல்லை. அவையெல்லாம் செத்தவர்களின் படத்துக்கு. ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஓர் உறவுக்காரி ஒருமுறை நல்ல மனதோடு மாலை வாங்கி வந்தாள். அவளுக்கு அன்று ஒரு தேத்தண்ணிகூடக் கிடைக்கவில்லை.

போன மாரியில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா தடியூன்றிக் கடைக்குள் வந்தார். கட்டில் பார்க்க வந்தவர் என்று நினைத்தேன். அவர் கேட்டதை எங்கள் தமிழில் தருகிறேன்.

“என்ர அப்பா இந்தக் கட்டடத்திலதான் தளபாட வேலை செய்தவர். பின்சுவர் இன்னும் இருக்கோ?”

கூட்டிக்கொண்டு போய்க் கதிரை போட்டு இருத்தினேன். அவர் ஒவ்வொருவராகக் காட்டினார். இது தாத்தா, இது அப்பா. ஜேர்மனியில் ஓர் ஆற்றங்கரைப் பட்டினத்தில் இருந்த அவர்களுடைய பட்டறை இது. முகம் இல்லாதவர் அப்பாவின் தம்பி.

“அவர்தான் நிழல் போடுறவர். மரத்துண்டின்ர ஓரத்தை அந்தத் தட்டத்துச் சுடுமணலுக்குள்ள வைச்சு, பழுப்பாக்கி எடுக்கிறது. எப்ப எடுக்கிறதெண்டு மணத்தில சொல்லுவாராம்.”

கச்சான் கடலை வறுக்கிற மணல் போல என்று எனக்கு உடனே புரிந்தது.

அப்பாவின் அந்தத் தம்பியைப் போருக்கு இழுத்துப் போனார்கள். ஒரு செய்தியும் வரவில்லை. அதற்குப் பிறகு அங்கே செய்த படங்களில் நிழல் இல்லை. செத்த வீட்டுப் படம் மாதிரி இருக்கிறதென்று ஆட்கள் வாங்குவதை விட்டார்களாம். பட்டறை மூடியது. இந்த அம்மா ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறார். அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அப்படி ஒரு பட்டறை இருந்ததே அங்கே ஒருவருக்கும் தெரியாது. அப்பா லண்டனுக்கு வந்து, வேலை முடிந்த நேரங்களில் இந்தச் சுவரில் அதைத் திரும்பக் கட்டினார்.

“ஏன் அவருக்கு முகம் வெட்டேல்லை?” என்று கேட்டேன்.

“வரட்டும், பார்த்து வெட்டுறன் எண்டுவார்.”

சொல்லிவிட்டுக் கிட்டே போனவர் நின்றார். “இதென்ன சிவப்பு?”

எங்கள் வழக்கத்தை விளக்குவதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னேன்: “மோசம்போன ஆக்களுக்கு நாங்கள் இப்பிடித்தான் மரியாதை செய்யிறது.”

“அவர் செத்தவர் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?”

உயிரோடு இருந்தால் நூறையும் தாண்டியிருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மனிசி கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். சுவெற்றர் கையை இழுத்து அந்தப் பள்ளத்தைத் துடைத்தாள். தூள் போனது, வெறும் மரம் குடித்த சிவப்பு போகவில்லை. எச்சில் தொட்டும் துடைத்தாள்.

“எனக்குத் தெரியாதம்மா. தெரிஞ்சிருந்தா நான் வைச்சிருக்க மாட்டன்.”

அந்த அம்மா குனிந்து, அந்த ஆளின் கால்மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கின் சூட்டில் அங்கே மரம் பழுப்பாகியிருந்தது. காலடியில் கடும் நிறம், போகப்போக மெல்லிசாகிப் படத்தின் தரையில் சாய்ந்து கிடந்தது. தினமும் அதைக் கடந்து போகிற நான் கண்டதில்லை.

“இந்த நிழலை ஆர் போட்டது?”

“விளக்கு” என்றாள் மனிசி.

அந்த அம்மா அந்த இடத்தில் மூக்கை வைத்து மணந்து பார்த்தார். “இவ்வளவும் காணும். சித்தப்பாவெண்டா இந்த இடத்தில எடுத்திடுவார். இனிக் கருகும்.”

“அப்ப விளக்கு வேண்டாமோ?” என்று மனிசி கேட்டாள்.

“செத்தவருக்கெண்டா வேண்டாம்.”

“இல்லை” என்றாள் மனிசி. “வாற ஆளுக்கு இடம் தெரிய.”

விளக்கை அவளே தட்டின் மறுகோடிக்கு, படத்து யன்னலின் கீழ் நகர்த்தினாள். அன்று வீட்டுக்குப் போனதும் தன் தம்பியின் படக் கண்ணாடியைத் துடைத்தாள். அதில் பொட்டோ தூளோ ஒன்றும் இருக்கவில்லை. நானும் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

கடையைக் கடைசியாகப் பூட்டுவது நான்தான். அத்தனை பேருக்குள் முகம் இல்லாதவருக்கு மட்டும் நிழல் இருக்கிறது. வந்தால் பார்த்து முகம் வெட்ட இப்போது அண்ணன் இல்லை. அது அவருக்குத் தெரியாது. நான் பயந்தவன் இல்லை, முன்பே சொல்லிவிட்டேன். ஆனாலும் லைட்டை நிற்பாட்ட, அவரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து கதவடிக்கு வருகிறேன்.