என் கை ஆடிய வருஷம்

அறுபதுகளின் தொடக்கம். கீரமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். என் வலது கை என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. சோறு வாய்க்குப் போகுமுன் சிதறும். முகம் தானாகக் கோணும். பழிப்புக் காட்டுகிறேன் என்று வாத்தியார் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினார். அங்கேயும் தோள் துள்ளியது, வகுப்பே சிரித்தது.

சில வாரங்களில் காலும் சேர்ந்துகொண்டது. அப்பா மலேயாவில் இருந்தார். பேயோட்டுகிறவரை அழைத்துவருவதாகச் சித்தப்பா கிளம்பினார்.

"மதினி, இது காத்துக்கருப்பு வேலைதான். சொணங்காதீங்க."

எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"தூங்குறப்ப இவ கை கால் ஒண்ணும் ஆடலை தம்பி. ஒக்காந்து பார்த்திருக்கேன். பேயும் பிள்ளையோட சேந்து தூங்குமாக்கும்? நான் புதுக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அதற்குமுன் அவள் தனியாக பஸ் ஏறியதே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தன் இரண்டு விரல்களை என் உள்ளங்கையில் வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். பிடி தானாகத் தளர்ந்தது, மறுபடி இறுகியது.

"பால் பீச்சுற மாதிரில்ல இருக்கு!" என்றாள் அம்மா.

"அதேதாங்க," என்று டாக்டரம்மா சிரித்தார். "கொஞ்ச மாசம் முந்தி தொண்டை வலி, காய்ச்சல் ஏதும் வந்துச்சா?"

"பொங்கலுக்கு முன்னாடி வந்துச்சுங்க. கசாயத்துல கேட்டுருச்சு."

ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. கை நின்றால்தானே? அம்மா என்னை மடியில் இருத்தி, கையைத் தன் விலாவோடு அணைத்துக்கொண்டாள். எடுத்த ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிறுத்திவைத்தார்கள். உடம்புக்குள் அழற்சி இருந்தால் சிவப்பு விறுவிறுவென்று அடியில் இறங்குமாம். என் ரத்தம் மெதுவாகவே இறங்கியது.

"ரத்தம் நார்மல்," என்றார் அங்கிருந்த இளம் டாக்டர். "பிள்ளை வேணும்னே பண்ணுதோ என்னமோ."

"வேணும்னு யாருங்க சோத்தைக் கொட்டிட்டுப் பட்டினி கிடப்பா?" என்றாள் அம்மா. எழுந்திருக்கவில்லை.

டாக்டரம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ரத்தத்துல தெரியலைங்கிறதால நோய் இல்லைன்னு ஆகாதுங்க. தொண்டையில வந்த கிருமியை எதிர்க்க ஒடம்பு கிளம்புச்சு. அந்த எதிர்ப்பே வழி தவறி மூளையைத் தாக்கியிருக்கும்னு நினைக்கிறோம். கை ஆட ஆரம்பிக்கிறதுக்குள்ள ரத்தத்துல இருந்த அடையாளம் மறைஞ்சு போறது உண்டு."

பிறகு என் நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். இதயத்துக்கு எதுவும் ஆகவில்லை. தொண்டைக் கிருமி மறுபடி வந்தால் இதயத்தையும் தாக்கலாம், அது வராமல் இருக்க வளர்ந்து ஆளாகும்வரை மாதாமாதம் பென்சிலின் ஊசி போட வேண்டும் என்றார்.

தன்னெதிர்ப்பு நோய் என்ற சொல்லை வெகுகாலம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அம்மா அந்தச் சொல் தெரியாமலேயே அதோடு மல்லுக்கட்டினாள். சில மாதம் படுக்கையிலேயே வைத்திருந்து மருந்து கொடுத்தாள். ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மறுவருஷம் பள்ளிக்கூடம் போனேன்.

"அதான் சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு ஊசி?" என்று ஊரே கேட்டது. அறுப்பு நாளானாலும் மழையானாலும் அவள் ஒரு மாதத்தைக்கூட விடவில்லை. ஊசி போட்ட இடம் கல்லாய்க் கனக்கும். நொண்டிக்கொண்டே பஸ் ஏறுவேன், ஆனால் அழமாட்டேன். அதில் எனக்குத் தனிக் கர்வம். இத்தனை வயதுக்குப் பிறகும் என் நெஞ்சில் குழாய் வைக்கிற டாக்டர்கள் குறையேதும் சொன்னதில்லை. அது அம்மா சம்பாதித்துக் கொடுத்த சொத்து.

நான் பத்தாவது படிக்கும்போது ஆவுடையார்கோவில் பக்கமிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தாள். இடுப்பில் அவள் மகள்; கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. பேய் என்று சொல்லி வேப்பிலையால் அடித்த தடம் முதுகில் இருந்தது. அந்தப் பெண் வாசலிலேயே நின்று அழுதாள்.

அம்மா குழந்தையைத் தன் இடுப்புக்கு வாங்கிக்கொண்டாள். "அழுகாதீங்க. பஸ்ஸு வர்ற நேரந்தான், நானும் கூட வாரேன்," என்றவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீயும் கெளம்பு. ஒன்னைப் பார்த்தா இவங்களுக்குத் தைரியம் வரும்."