பகல் பன்னிரண்டரைக்குத் திறந்த கதவு

பெங்களூரின் அந்தச் சின்னப் பூங்காவைக் காலை பத்துக்குப் பூட்டி மாலை நான்குக்குத் திறப்பது காவலாளி வீரப்பாவின் வேலை. குடியிருப்போர் சங்கத்தின் உத்தரவு. போன வாரம் வெயிலில் வாடி வந்த இரண்டு டெலிவரி ஆட்களை உள்ளே படுக்கவிட்டு, சங்கச் செயலாளர் காமத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"இன்னொரு தடவை நடந்தா மூட்டையக் கட்டிட்டு ராய்ச்சூருக்கே போயிடு."

சொந்த ஊரான ராய்ச்சூரில் வீரப்பாவுக்கு இருந்தது மழை காணாத ஒன்றரை ஏக்கர்.

அன்று ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளந்தது. தெருக் கூட்டும் ஹனுமக்காவும் கௌரியும் வேலிக்கு வெளியே நடைபாதையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். சாலையை அகலப்படுத்தியதில் வெளிமரங்கள் போய்விட்டன. நிழலெல்லாம் வேலிக்கு உள்ளேதான்.

"என்னக்கா, இன்னிக்கும் களிதானா?" என்றார் வேலிக்கு உள்ளே நின்ற வீரப்பா.

ஹனுமக்கா ஏதோ சொன்னாள். நாக்குக் குழறியது. களி உருண்டை கைநழுவ, வேலியோரம் சரிந்து விழுந்தாள். வீரப்பா கம்பிக்கிடையே கையை விட்டு நெற்றியைத் தொட்டார். தோசைக்கல்லாகக் கொதித்தது, பொட்டு வேர்வை இல்லை.

"கதவத் தொறண்ணா! என்ன பாத்துட்டு நிக்கிற?" கௌரி அலறினாள்.

அவர் கண் ஒரு நொடி எதிர்வீட்டு மாடிக்குப் போனது. காமத் வீடு. பிறகு பூட்டைத் திறந்தார்.

இருவருமாகத் தூக்கிப் புங்கமரத்தடியில் கிடத்தினார்கள். வீரப்பா செடிக்குப் பாய்ச்சும் குழாயைத் தலையிலிருந்து கால்வரை பிடித்தார். அதற்குள் காமத் வந்துவிட்டார்.

"யாரக் கேட்டுய்யா தொறந்த?"

வீரப்பா தண்ணீரை நிறுத்தவில்லை. "திட்டு அப்புறம் வாங்கிக்கறேன் சார். வண்டிய எடுங்க."

காமத் ஹனுமக்காவின் முகத்தைப் பார்த்தார். கார் சாவி எடுக்க வீட்டுக்கு ஓடினார்.

"நிழல்ல போட்டுத் தண்ணி ஊத்துனீங்களே, அதான் உயிர் தங்குச்சு" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஐந்தாம் நாள் ஹனுமக்கா வீடு திரும்பினாள்.

ஆனாலும் சங்கத்திடமிருந்து வீரப்பாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீரப்பா கேட்டார்: "நாளைக்கு மத்தியானம் அவங்க சாப்பிட வந்தா என்ன சார் செய்யறது?"

காமத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தொறந்து விடு. ஆனா எழுத்துல எல்லாம் கேக்காத."

அந்தக் கோடை முழுக்க வீரப்பா கையில் எழுத்து எதுவும் இல்லாமல் பயந்து பயந்துதான் திறந்தார். ஆனால் ஒரு நாளும் திறக்காமல் இருக்கவில்லை.