பொட்டு வைத்த கிட்டார்

மைசூர் அக்ரஹாரம் பக்கம் கார் ஓட்டத் தெரிந்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேராவது நிர்மலாக்காவிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். நானும்தான். சர்க்கிளில் வண்டி நின்றுபோய், பின்னால் பஸ்காரன் ஹாரனை அலறவிட, "கிளட்ச் சரியில்லக்கா" என்று நான் அழாத குறையாகச் சொன்னபோது அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கிளட்ச்சு நல்லாத்தான் இருக்குது வினிதா. உன்ற காலுதான் சரியில்ல. சாவியப் போட்டு மறுக்கா எடு" என்றாள்.

தமிழர்கள் நிறைந்த மார்டள்ளி கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். பெண்களுக்கு மட்டும் டிரைவிங் கிளாஸ் நடத்துகிறாள். அவள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். எதற்கும் தயங்காத மனுஷி. அப்படிப்பட்டவளை ஒரு கிட்டார் போட்டுக் குழப்பியெடுத்த கதை இது.

அவளிடம் கார் பழகிய ஒரு பெண் கிட்டார் கிளாஸிலிருந்து நேரே வருவாள். கிட்டாரைப் பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பாள். ஒருநாள் அந்தப் பெண் மருந்துக்கடைக்கு இறங்கிப் போன நேரத்தில், அக்கா கையை நீட்டி ஒரு கம்பியைச் சுண்டியிருக்கிறாள். "உள்ளுக்குள்ள என்னமோ ஆயிருச்சு வினிதா" என்றாள் என்னிடம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்தக் கிட்டார் கிளாஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துவிட்டாள். கிட்டாரை யார் தொட்டாலும் பூரித்துப்போகிற மாஸ்டர், வீட்டில் பழக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார். பிடித்தது சனி.

வாத்தியங்கள் விற்கிற பசவராஜ் கடைச் சுவரில் புத்தம் புதிதாக ஒரு கருநீல எலக்ட்ரிக் கிட்டார் தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய கம்பெனி, பார்த்தாலே பயமாயிருக்கும். கீழே, யாரோ வாசித்து விட்டதைப் பழுது பார்த்து, புதுக் கம்பி மாட்டிய வெண்ணெய் நிறக் கிட்டார் ஒன்று. அக்காவின் வீட்டுக்காரர் பழனிமுத்து சொன்னது ஒரே வார்த்தை: "ஆசப்பட்டுட்ட. நல்லதாவே வாங்கிப்போடு." அவள் கேட்கவில்லை. "எனக்கு இது போதும்" என்று பழையதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிடிக்காவிட்டால் கொண்டுவாருங்கள், மேலே பணம் போட்டால் புதியதாக மாற்றித் தருகிறேன் என்று பசவராஜ் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து என் தூக்கம் போயிற்று. அக்கா எதை வாசித்தாலும் ஒரு கரகரப்பு. தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டது மாதிரி. "இது கிட்டாரோட கோளாறா, என்ற கையோட கோளாறா?" என்று மாடிப்படியில் நின்று கேட்பாள். பேங்கில் வேலை பார்க்கிற எனக்கு என்ன தெரியும்? மாஸ்டரோ தசரா லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார். யூடியூபில் ஒருவன் மலிவு கிட்டார் என்றால் இப்படித்தான் என்றான், இன்னொருவன் விரலை அழுத்தி வை என்றான். இரண்டு பேரையும் அவள் நம்பினாள். அதுதான் பிரச்சினை.

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல், "பேசாம அந்த நல்லதையே வாங்கியிருக்கலாமேக்கா" என்றேன்.

நிறுத்தி வைத்த காரில் உட்கார்ந்திருந்தோம். அவள் வைப்பரைப் பார்த்தபடியே சொன்னாள். "நல்லத வாங்கி, அதுலயும் வரலீன்னா? அப்பறம் தப்பு என்ற கையோடதுன்னு ஆயிருமல்ல. இந்த வயசுல போய் ஆசப்பட்டது கிறுக்குத்தனம்னு ஆயிரும். இது பழசுங்கறப்ப சொல்லிக்கறதுக்கு ஒரு சாக்காச்சும் இருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. என்னை ஒருநாளும் கிளட்ச்சைக் குறை சொல்ல விடாதவள் இவள். கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பாவமாயிருந்தது.

ஆயிரம் யோசனைக்குப் பிறகு மாற்றிவிடுவது என்று முடிவு செய்தாள். "தெரிஞ்சே ஆகோணும். தசரா முடியட்டும்" என்றாள். ஆனால் நடுவில் ஆயுத பூஜை வந்தது. டிரைவிங் ஸ்கூல்காரி வீட்டு ஆயுத பூஜையைக் கேட்கவா வேண்டும்! கார்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். வீட்டுக்குள் மிக்ஸி, தையல் மெஷின், இஸ்திரிப்பெட்டி, ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம். சுண்டல் வாங்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். வெண்ணெய் நிறக் கிட்டாரின் வயிற்றில் கட்டைவிரல் அகலத்துக்குப் பொட்டு, கழுத்தில் செவ்வந்திச் சரம்.

"திருப்பிக் குடுக்கப்போறதுக்குப் போய் யாராச்சும் பொட்டு வைப்பாங்களாக்கா?"

"எல்லாத்துக்கும் வெச்சுட்டு இத மட்டும் உட்டா பாவமா இருந்துச்சு" என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி.

எத்தனை துடைத்தும் குங்குமக் கறை போகவில்லை. தசரா முடிந்ததும் அப்படியே கடைக்குக் கொண்டுபோனோம். பசவராஜ் அதைப் பார்த்ததும் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "பூஜெ மாடிபிட்டிதீரா, மேடம்?" பூஜை போட்டுவிட்டீர்கள், இனி அது உங்கள் வீட்டுப் பொருள், அதற்கு விலை போட்டு இன்னொருவருக்கு விற்க எனக்குக் கை வராது என்றார். அவர் குரலில் கோபமில்லை, ஆனால் கெஞ்சினாலும் பயனில்லை என்பது மட்டும் தெரிந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல், "சும்மா வாசிச்சு நோடி மேடம்" என்று அந்தக் கருநீலக் கிட்டாரைச் சுவரிலிருந்து இறக்கி ஒயரைச் சொருகிக் கொடுத்தார்.

அவள் விரலை வைத்தாள். வீட்டில் வாசிப்பதையே வாசித்தாள்.

அதே கரகரப்பு. அதே இடத்தில்.

பசவராஜ் எதையோ தேடுவதுபோல் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார். நான் தெருவைப் பார்த்தேன். அக்கா இன்னொரு தரம் வாசித்தாள். வண்டு அங்கேயும் இருந்தது. இதைத் தெரிந்துகொள்ளத்தானே இத்தனை நாள் பயந்து கிடந்தாள்.

"அப்ப கையிதான்" என்றாள். கண் கலங்கித்தான் இருந்தது. கருநீலத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன்னுடையதைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் காலையில் கீழே எட்டிப் பார்த்தேன். கிட்டாரில் குங்குமக் கறைக்குப் பக்கத்தில், கற்றுக்கொள்கிறவர்களின் காரில் ஒட்டுகிற சிவப்பு 'எல்' ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். வாசித்தாள். கரகரத்தது.

வேண்டுமென்றே மாடியிலிருந்து கத்தினேன். "என்னக்கா, கிட்டார் சரியில்லையா?"

"கிட்டார் நல்லாத்தான் இருக்குது!" என்று பதில் வந்தது. மறுக்கா எடுத்தாள்.