ஆறாம் நம்பரில் இசக்கி

சாரல் இன்னும் விட்டபாடில்லை. காலையிலிருந்து தென்காசி நசநசவென்றுதான் கிடக்கிறது. அருவியில் குளிக்கவென்றே அம்மாவோடு திருப்பூரிலிருந்து வந்த என் அண்ணன் மகள் நிவி, தண்ணீர் அதிகமென்று குற்றாலத்தில் தடை போட்டுவிட்டதால், நனையாத தலையோடு என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் லேப்டாப். லேப்டாப்பில் ஒரு மூக்கு.

முக்கால் மணி நேரமாக அந்த மூக்கைத்தான் செதுக்கிக்கொண்டிருக்கிறாள். விளையாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஆளை உருவாக்க வேண்டுமாம். மூக்கு முடிந்து முடி, முடி முடிந்து காது. கடைசியில்தான் கவலையான இடத்துக்கு வந்தாள்.

“அத்தை, இவளுக்குக் கத்தியும் வேணும், மந்திரமும் வேணும். ஆனா பாயிண்ட் பத்தாது. எதைக் குறைக்கட்டும்?”

“மொதல்ல சேவ் பண்ணு” என்றேன்.

“அதெல்லாம் தானாவே ஆயிடும் அத்தை” என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவள் பார்த்ததில் தப்பில்லை. வாசலில் கவிழ்த்து வைத்திருந்த ஈரக்குடையின் வாசனையும் லேப்டாப்பின் சூட்டு மூச்சும் ஒன்றாகக் கலந்து வந்தன. அந்த இரண்டு வாசனையும் சேர்ந்தால் எனக்கு இன்றைக்கும் பயம்தான். ஏன் என்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

பட்டம் வாங்கிய கையோடு நான் பார்த்த முதல் வேலை, தென்காசியில் ஒரு ப்ரவுசிங் சென்டரில். படித்தது விலங்கியல். தவளையை அறுத்தவளுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று அண்ணாச்சி கேட்கவே இல்லை. கடையைத் திறக்கவும் பூட்டவும் ஆள் வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. சீசன் தொடங்கிவிட்டால் அவர் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார். குற்றாலத்தில் அவருக்கு ஒரு சின்ன லாட்ஜ் இருந்தது. சீசன் மூன்று மாதமும் அங்கேதான். போகும்போது கடையின் ஜெனரேட்டரையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார். எனக்கு விட்டுப்போவது ஆறு கம்ப்யூட்டரும், பழைய பேட்டரிகளில் மூச்சு வாங்கும் ஒரு யூபிஎஸ்ஸும்.

ஆறாம் நம்பர் சிஸ்டத்தில் யாரோ ஒரு விளையாட்டை ஏற்றி வைத்திருந்தார்கள். வாளும் நெருப்பும் குகையும் பூதமுமாக ஒரு பெரிய உலகம். என் அண்ணன் அதில் விழுந்தான்.

அண்ணன் அப்போது போலீஸ் தேர்வுக்கு ஓடிக்கொண்டிருந்தான். ஓடிக்கொண்டிருந்தான் என்றால் நிஜமாகவே, விடியற்காலையில் குற்றாலம் ரோட்டில். ஓட்டம் வரும், நீளம் தாண்டுவான், மார்பு விரியும். கயிறு மட்டும் ஏற வராது. முதல் தடவை பாதியில் இறங்கிவிட்டான். இரண்டாவது தடவை கடைசி இரண்டு பிடியில் கை வழுக்கிவிட்டது. இது மூன்றாவது. இதோடு வயது வரம்பு முடிகிறது. ஏறினால் போலீஸ், ஏறாவிட்டால் ஆலங்குளத்தில் மாமாவின் சிமெண்ட் கடை. அவன் கைக்குத் தெம்பு வேண்டுமென்று வீட்டில் தினம் இரண்டு முட்டை அவித்து அவன் தட்டில் வைப்பாள் அம்மா. எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்று. நான் முட்டைக்காகச் சண்டை போட்டதில்லை, பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாயங்காலம் கடையில் ஆள் குறைந்ததும் வருவான். நாங்கள் இரண்டு பேருமாகத்தான் அவளை உருவாக்கினோம். பெண்ணாக இருக்கட்டும் என்றது நான். சிவப்பு உடையும் வளைந்த வாளும் அவன். பலம், வேகம், மந்திரம் என்று பங்கிட வேண்டிய புள்ளிகள் வந்தபோது பெரிய சண்டை.

“எல்லாத்தையும் கைக்குப் போடுட்டி” என்றான்.

“மந்திரத்துக்கும் கொஞ்சம் வையி. ஒரு கையில வாளு, ஒரு கையில தீ. எப்படி இருக்கும்!”

“மந்திரத்த வச்சுக் கயிறு ஏற முடியுமாட்டி?”

“அவ எதுக்கு கயிறு ஏறப் போறா?”

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மந்திரத்துக்கு நாலே நாலு புள்ளிதான் கிடைத்தது. இடது உள்ளங்கையில் ஒரு அகல் விளக்கு அளவுக்குத் தீ எரியும், அவ்வளவுதான். பெயர் கேட்டபோது, சிவப்பையும் வாளையும் பார்த்த வாக்கில், விளையாட்டாக ‘இசக்கி’ என்று அடித்துவிட்டான். இசக்கியம்மன் எங்கள் குலசாமி. ஆய்க்குடிப் பக்கம் வயலுக்கு நடுவில் சின்னக் கோயில்.

அந்த நேரம் சிரித்தோம். மறுநாளிலிருந்து அவன் சிரிக்கவில்லை. இசக்கி அடிபட்டால் முகம் சுண்டிப்போகும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஆறாம் நம்பர் முன்னால் உட்காருவான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் எந்த சிஸ்டத்தையும் அணைத்துப் போட்டால், அதுவரை அதில் சேர்ந்த எல்லாமும் அழிந்து பழையபடி துடைத்த மாதிரி வந்து நிற்கும். வைரஸுக்குப் பயந்து அண்ணாச்சி செய்துவைத்த ஏற்பாடு. அதற்கு முன்பே ஏற்றியிருந்ததால் விளையாட்டு மட்டும் நிற்கும், அதில் நாங்கள் சேர்த்தது நிற்காது. பென் டிரைவ் சொருகும் இடத்தையெல்லாம் டேப் ஒட்டி அடைத்திருந்தார். வேறு சிஸ்டத்துக்கு மாற்றி வைத்திருக்கலாமே என்று நிவி இப்போது கேட்கிறாள். வைத்திருக்கலாம்தான். எனக்குத் தெரிந்தது தவளை.

ஆக, இசக்கி உயிரோடு இருக்க வேண்டுமென்றால் ஆறாம் நம்பரை அணைக்கவே கூடாது. மூன்று வாரம் அணைக்கவில்லை. கடை பூட்டும்போது மற்ற ஐந்தையும் அணைப்பேன், ஆறுக்கு மானிட்டரை மட்டும் அணைத்து ‘பழுது, தொடாதீர்கள்’ என்று எழுதி ஒட்டுவேன். கரண்ட் அரை மணி, முக்கால் மணி போகும். மற்றதையெல்லாம் அணைத்து ஆறுக்கு மட்டும் யூபிஎஸ்ஸை விட்டுச் சமாளித்துவிடுவேன். அண்ணாச்சி ஒருநாள் வந்து, ஏன் இது ஓடுகிறது என்றார். “ஏதோ ஏத்துது அண்ணாச்சி, நடுவுல அணைச்சா கெட்டுப்போயிரும்” என்றேன். கெட்டுப்போகும் என்ற வார்த்தைக்கு அவர் எப்போதும் பயப்படுவார்.

தேர்வுக்குப் பாளையங்கோட்டைக்குப் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம், அண்ணன் இசக்கியை ஒரு மரப்பாலத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்தினான். பாலத்துக்கு அந்தப் பக்கம் கடைசிக் குகை. அதற்குள்ளே பூதம்.

“இவ இங்கனயே நிக்கட்டும். நான் பாஸாகி வந்து உள்ள கூட்டிட்டுப் போறேன்.”

“தோத்துட்டு வந்தா?”

கேட்டிருக்கக் கூடாது. அவன் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

“சாமி பேரு வச்சாச்சுட்டி. பாதியில அணைஞ்சா எனக்கு விளங்குமா? ரெண்டே நாளு. பாத்துக்க.”

சரி என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் பட்ட பாடு!

முதல் நாள் காற்று. ஆனி மாதக் காற்று எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கரண்ட் மூன்று தடவை போய் மூன்று தடவையும் உடனே வந்தது. ஒவ்வொரு தடவையும் யூபிஎஸ் ‘கீங்’ என்னும்போது எனக்கு நெஞ்சு ஒருமுறை நின்று ஓடியது. அண்ணன் உயரம், மார்பு, ஓட்டம் எல்லாம் தேறிவிட்டான் என்று தகவல் வந்தது. மறுநாள்தான் கயிறு.

மறுநாள் அருவியில் குளிக்கத் தடை. குளிக்க வந்த கூட்டமெல்லாம் என்ன செய்வதென்று தெரியாமல் தென்காசிக்குள் வந்துவிட்டது. ரயில் டிக்கெட் பார்க்க, மெயில் பார்க்க, சும்மா மழைக்கு ஒதுங்க என்று கடை நிறைய ஈரக்குடைகள். நாலைந்து பேர் ஆறாம் நம்பரைக் கேட்டார்கள். பழுது, பழுது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. இந்தத் தடவை வரவில்லை. எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது, சாயங்காலம் ஆகுமென்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். ஒவ்வொருவராக எழுப்பி அனுப்பிவிட்டு ஒன்று, மூன்று, நாலு, ஐந்து என்று அணைத்தேன். இரண்டாம் நம்பரில் ஒரு பெண் எழுந்திருக்கவில்லை. அச்சன்புதூரிலிருந்து அப்பாவோடு வந்திருந்தாள். நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பம். பாதிதான் முடிந்திருந்தது.

“கரண்ட் வந்ததும் வாங்களேன்” என்றேன்.

“யம்மா, இன்னைக்குத்தான் கடைசி நாளாம்லா. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணுமாம்” என்றார் அப்பா. சான்றிதழ்களை உரச்சாக்குத் தாளில் சுற்றி, சட்டைக்குள் வைத்து, நெஞ்சோடு பிடித்திருந்தார். “போன வருஷமும் இப்படித்தான் ஒரு நாள்ல போச்சு.”

இரண்டும் ஆறும் ஓடிக்கொண்டிருந்தன. யூபிஎஸ் முதலில் மூச்சுக்கு ஒருமுறை கத்தியது. பிறகு இடைவெளி குறைந்தது. மிச்சமிருந்த சார்ஜுக்கு, இரண்டும் சேர்ந்து ஓடினால் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. ஒன்று மட்டும் என்றால் பத்துப் பன்னிரண்டு தாங்கும். அந்தப் பெண் ஒவ்வொரு பக்கமாக அனுப்ப, அது போவதும் வருவதுமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நம்பரை அணைத்துவிட்டு, “யூபிஎஸ் போயிட்டு” என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. என் கை அதை நோக்கித்தான் முதலில் போனது, மறைக்கவில்லை. அண்ணன் அந்நேரம் கயிற்றுக்கு வரிசையில் நின்றிருப்பான். எப்படியும் அணையப்போகிறவள்தான், ஆனாலும் அவன் ஏறி இறங்கும்வரை நின்றுவிட்டால்? மூன்றாவது தடவை. கடைசித் தடவை. அந்தப் பெண் என்னைப் பார்க்கக்கூட இல்லை, திரையைப் பார்த்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பாதான் என்னைப் பார்த்தார். அந்த முகத்துக்கு நான் பயந்துவிட்டேன். இரக்கம் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான், ஆனால் பயம்தான்.

ஆறாம் நம்பர் மானிட்டரை ஒருமுறை போட்டேன். பேட்டரி வீண்தான், ஆனாலும் பார்க்காமல் செய்ய மனம் வரவில்லை. மரப்பாலத்தில் சிவப்பு உடையோடு, இடது கையில் அந்தச் சின்னத் தீயோடு நின்றாள். பொத்தானை நாலு விநாடி விடாமல் அழுத்தினால்தான் அணையும். அந்த நாலு விநாடியில் எடுத்துவிடு எடுத்துவிடு என்று என் விரலுக்கு நானே சொன்னேன். எடுக்கவில்லை.

விண்ணப்பம் போய்விட்டது. பிரிண்டர் ஓடாது என்பதால் ஒப்புகை எண்ணை அந்தப் பெண் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். அவர்கள் படி இறங்கும்போதே யூபிஎஸ் நீளமாக ஊளையிட்டு ஓய்ந்தது. இருட்டுக் கடையில் தரைவழி போன் மட்டும் உயிரோடு இருந்தது. அது அடித்தது.

பின்னால் ஒரே கூட்டம், விசில் சத்தம். ஒரு ரூபாய் போனிலிருந்து அண்ணன் பேசினான்.

“இருக்காளா?”

“இருக்கா.”

“நல்லா பாத்தியா?”

“இப்பந்தான் கண்ணால பாத்தேன். தீயோட நிக்கா.”

“சரி வையி. என் நம்பரக் கூப்பிடுதாங்க.”

போனை வைத்தேன். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லியாகிவிட்டது. இனி அவன் விழுந்தால் அது என்னால்தான். மாமாவின் கடையில் தலையெல்லாம் சிமெண்ட் தூசியோடு அவன் உட்கார்ந்திருப்பது அப்படியே கண்ணில் தெரிந்தது. கரண்ட் இல்லாத கடையில் ஐந்து மணிவரை சும்மா உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. போன் மறுபடி அடிக்கவே இல்லை.

கரண்ட் வந்ததும் ஆறாம் நம்பரைப் போட்டு அவளை மறுபடி உருவாக்க ஆரம்பித்தேன். அதே சிவப்பு, அதே வாள், அதே பெயர். புருவத்தில் ஒரு தழும்பு இருந்ததே, வலதா இடதா? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. செய்து முடித்தபோது கையில் ஒரு மரக்கட்டையோடு கதையின் தொடக்கத்தில், ஏதோ ஒரு ஊர் எல்லையில் நின்றாள். பாலம் மூன்று வாரத் தூரத்தில் இருந்தது. அவன் வந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

வீட்டுக்குப் போனபோது அண்ணன் நடுவீட்டில் கை இரண்டையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது, அம்மா மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏறிட்டேம்ட்டி! மேல தொட்டுட்டேன்!”

அவனைவிட நான்தான் அதிகம் அழுதேன். எல்லோருக்கும் ஆச்சரியம். என்ன கேட்பான், என்ன சொல்வது என்று ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை காத்திருந்தேன். கேட்கவில்லை. மறுநாள் கடைக்கு வருவான் என்று பார்த்தேன். வரவில்லை. மருத்துவச் சோதனை, சான்றிதழ், புது பூட்ஸ், பயிற்சிக்கு எந்த ஊர் என்று வீடே திருவிழாவாகிவிட்டது. இசக்கி என்ற பெயரை அவன் எடுத்தது குலசாமிக்குப் பொங்கல் வைத்த அன்றைக்கு மட்டும்தான். அதுவும் கோயிலில்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவளுக்காக நான் செத்துப் பிழைத்திருக்கிறேன், இவனுக்கு ஞாபகமே இல்லை. கோபத்தில் ஒருநாள் நானே ஆறாம் நம்பரில் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் வளர்ந்து புதிதாகப் புள்ளிகள் கிடைத்தபோது, அத்தனையையும் மந்திரத்தில் போட்டேன். ஒன்றுகூடக் கைக்குக் கொடுக்கவில்லை. அகல் விளக்கு அளவு இருந்த தீ தோள்வரை ஏறியது. அந்தச் சீசன் முழுக்க ஆறாம் நம்பரை மறுபடி அணைக்காமல் காத்தேன், சாப்பாட்டு நேரத்தில் அவள் எனக்குத்தான். பாலத்துக்குக்கூடப் போகவில்லை. சீசன் முடிந்து அண்ணாச்சி திரும்பி வந்து, மெயின் சுவிட்சைத் தட்டச் சொன்னார். தட்டினேன்.

அந்தக் கடை இப்போது போன் உறை விற்கும் கடை. கடை போனது பெரிதில்லை. ஆனால் அணைத்தால் போய்விடும் என்று பயந்து காவல் காக்க, என் வீட்டில் இப்போது ஒன்றுமே இல்லை. நிவி மூக்கு, முடி, கத்தி, மந்திரம் எல்லாம் முடித்து லேப்டாப்பை அப்படியே படாரென்று மூடினாள். எனக்குத்தான் பதறியது.

சாயங்காலம் அண்ணன் வீடியோவில் வந்தான். திருப்பூரில் டியூட்டி முடிந்து பெல்ட்டைத் தளர்த்தி உட்கார்ந்திருந்தான். இன்றைக்குக் கயிற்றில் ஏறச் சொன்னால் கயிறுதான் பாவம். நிவி தன் வீராங்கனையைத் திறந்து காட்டினாள். ஒரு கையில் கத்தி, ஒரு கையில் தீ. அவன் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னான்.

“ஏட்டி, நம்ம இசக்கி இருக்காளா?”

பதினாறு, பதினேழு வருஷம் கழித்துக் கேட்கிறான். உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

“இருக்கா” என்றேன்.

“நல்லா பாத்தியா?”

அன்றைக்குக் கேட்ட அதே குரல். பின்னால் அந்தக் கூட்டமும் விசிலும்தான் இல்லை.