செவ்வாய்க்கிழமைத் தொடரும் என் நங்கையாவும்

திருப்பூரில் நாங்கள் குடியிருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் டிவி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. செவ்வாய்க்கிழமை கம்பெனி விட்டு வந்ததும் எனக்கு முதல் வேலை, கட்டிலை நிமிர்த்திச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தரையைக் கூட்டுவது. அன்றைக்குத்தான் வாரத் தொடர். சோறு பொங்கி முடித்த கையோடு லைனில் இருந்த பெண்களெல்லாம் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கதவோரம் நிற்கக்கூட இடம் இருக்காது.

டிவிக்கு நேர் எதிரே நங்கையா உட்காருவார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அவரை ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பனியன் பெட்டி ஏற்றிக்கொண்டு பம்பாய் போய்வந்த அந்த மனிதர் போன இடத்தில் வேறொரு பெண்ணோடு தங்கிவிட்டார் என்று சேதி வந்தது. பிறகு அவரும் வரவில்லை, சேதியும் வரவில்லை. பிள்ளை இல்லை. நங்கையா எங்களோடு வந்து சேர்ந்துகொண்டு, ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனார். தைத்து வருகிற பனியனை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, ஓட்டையும் எண்ணெய்க் கறையும் பார்த்து ஒதுக்குகிற வேலை. தொடரையும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

கதாநாயகி வாரக்கணக்கில் அழுதுகொண்டிருப்பாள். இவள் வேலைக்குப் போகிறாளா, அரிசி எங்கிருந்து வருகிறது என்று நங்கையா கேட்பார். மாமியார் கொடுமைக்காரி என்றால் எல்லா நேரமும் கண்ணை உருட்டுவாளா, சிரித்துக்கொண்டே கொடுமை செய்கிறவளை இந்த டைரக்டர் பார்த்ததே இல்லையா என்பார். தொடக்கத்தில் கதை, வசனம், இயக்கம் என்று மூன்றுக்கும் ஒரே பெயர் வரும். அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. எல்லாம் ஒரே ஆள் என்றால், பக்கத்தில் நின்று இது தப்புங்க என்று யார் சொல்வார்கள் என்று கேட்பார். அதே தொடரில் வேலைக்காரியாக வந்த ஒரு பெண்ணை மட்டும் அவருக்குப் பிடிக்கும். அவள் துணி பிழியும்போது கை நிஜமாகவே பிழிகிறது, அது டைரக்டர் சொல்லிக் கொடுத்ததாக இருக்காது என்பார். இவ்வளவு குறை சொன்னாலும் ஒரு வாரம் விடமாட்டார். ஓவர்டைம் என்றால் சூப்பர்வைசரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

அந்தக் கதையில் கதாநாயகியின் கணவன் அவளை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போயிருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை அவன் நோயோடு திரும்பி வந்தான். வாசலில் விழுந்தான். அவள் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். வீணை இசை, சாமி படம், தொடரும். எங்கள் வீட்டில் அத்தனை பேரும் முந்தானையில் கண்ணைத் துடைத்தார்கள். என் மாமியார் விசும்பியே அழுதார்.

நங்கையா மட்டும் அழவில்லை. "அத்தோட நிறுத்திப்போட்டான் பாரு. நாளைக்குக் காலைல அவன் துணிய ஆரு தொவைக்கறது? அதைக் காட்டச் சொல்லு" என்றார்.

பக்கத்து வீட்டில் ஒரு மதுரைக்கார அக்கா இருந்தார். நல்ல மனசு, ஆனால் வாய் சும்மா இருக்காது. உங்க வீட்டுக்காரர் இப்படி வந்து நின்றால் விரட்டிவிடுவீர்களா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். நங்கையா எழுந்து டிவியை அணைத்தார்.

சில மாதம் கழித்து நங்கையாவின் வீட்டுக்காரர் வந்தே விட்டார். லாரிக்காரர் ஒருவர் அவிநாசி ரோட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். அங்கிருந்து எப்படி நடந்து வந்தாரோ தெரியாது. கன்னம் ஒட்டி, உதடெல்லாம் புண்ணாகி, தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. எனக்கு அடையாளமே தெரியவில்லை. மாமியார்தான் பெயரைச் சொல்லிக் கத்தினார். அதைக் கேட்டு லைனே வாசலுக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. நங்கையா துவைத்துக்கொண்டிருந்தார். கையில் சோப்பு நுரையோடு வந்து நின்றார். வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பெண்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மதுரைக்கார அக்கா அழவே ஆரம்பித்துவிட்டார்.

"நாடகத்துல அந்தப் புள்ளையே ஏத்துக்கிச்சு கண்ணு" என்றார் மாமியார். "எல்லாரும் பாக்கறாங்க."

நங்கையா தன் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசற்படியில் இருந்தவரைப் பார்த்துத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் பக்கத்தில் நின்ற எனக்குத்தான் கேட்டது. "நான் மன்னிக்கலீங்க. சோறு போடறேன். அவ்வளவுதான்."

அன்றைக்குக் கட்டிலை நானும் என் கணவரும் அவருக்கு விட்டுக்கொடுத்தோம். பிறகு செவ்வாய்க்கிழமையிலும் அதை நிமிர்த்தவே இல்லை. அவருக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் என் கணவரையும் நங்கையாவையும் தனியே கூப்பிட்டுச் சொன்னார். சுவரில் எழுதியிருப்பதையும் சினிமாக் கொட்டகையில் ஸ்லைடு போடுவதையும் தவிர அந்த நோயைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. நங்கையாவுக்கும் ரத்தம் பார்த்தார்கள். அவருக்கு இல்லை. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை என்று என் கணவர் பிறகு என்னிடம் சொன்னார்.

நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் லைனில் தெரிந்துவிட்டது. முதலில் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பொதுக் குழாயில் எங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் தரையைக் கூட்டிவிட்டு டிவியைப் போட்டேன். பாட்டு முடிந்து கதை ஆரம்பித்தும் ஒருவரும் வரவில்லை. அன்றைக்கு மழையும் இல்லை, கரண்ட்டும் இருந்தது. அடுத்த மாதம் லைனின் கடைசி வீட்டில் ஒரு டிவி வந்தது. எங்கள் டிவியில் வருகிற அதே பாட்டு அங்கிருந்தும் கேட்கும், கூடவே அத்தனை பேரின் பேச்சும் கேட்கும்.

கம்பெனியிலும் நங்கையாவை நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் சொன்னாராம். ஃபாரின் ஆர்டருங்க, மத்த பொண்ணுக பயப்படறாங்க, கொஞ்ச நாள் ஊட்டுல இருங்க என்று.

வீட்டில் இருந்த நங்கையா விடிந்ததும் டெட்டால் ஊற்றிய வாளியில் கட்டிலில் கிடந்தவரின் துணிகளை ஊறவைத்து, குச்சியால் கிளறி, துவைத்து, லைனுக்குப் பின்னால் தனியாகக் கட்டிய கயிற்றில் காயப்போடுவார். என்னைத் தொடவிட்டதில்லை. அவரோடு தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமியார் ஒருநாள், இரண்டு வார்த்தை அன்பாகப் பேசினால் என்ன என்று கேட்டதற்கு, அதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த மனிதருக்கோ செவ்வாய்க்கிழமைத் தொடர் உயிர். கட்டிலில் சாய்ந்தபடி பார்ப்பார். அவருக்கு அந்த டைரக்டரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மனுசன் மனசு தெரிஞ்சு எடுக்கறாரு என்று ஒருமுறை சொன்னார்.

"உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றார் நங்கையா.

தொடரில் திரும்பி வந்த கணவனுக்குப் போகப் போக உடம்பு தேறியது. ஒரு வாரம் எழுந்து நடந்தான். இன்னொரு வாரம் மனைவியோடு கோயிலுக்குப் போனான். என்ன நோய், என்ன மருந்து, ஒன்றும் சொல்லவில்லை. நங்கையா இதை விடமாட்டார் என்று நினைத்து நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கட்டிலில் இருந்தவர் தலையைத் தூக்கி, நெடுநாளைக்குப் பிறகு நங்கையாவிடம் நேராகப் பேசினார்.

"அவனுக்குச் சரியாயிருச்சு பாத்தியா."

நங்கையா திரையைப் பார்த்தபடியே, "ஆமாங்க. சரியாயிருச்சு" என்றார்.

கார்த்திகை மாதம் அவரை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்; அங்கேயே இறந்துபோனார். வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று லைன் வீட்டு ஓனர் சொல்லியனுப்பினார். என் கணவரும், இறந்தவரோடு முன்பு லாரி ஓட்டிய இரண்டு பேரும் கோயமுத்தூரிலேயே எரித்துவிட்டு வந்தார்கள். லைனிலிருந்து துக்கம் கேட்க வந்தது மதுரைக்கார அக்கா ஒருவர்தான். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நங்கையா டீ வைத்துக் கொடுத்தார். டம்ளரை வாங்கிக்கொண்டார். குடித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

தை பிறந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவிநாசிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். அங்கே இருக்கும்போது தொடரும் முடிந்தது. கடைசி வாரம் அந்த டைரக்டரே டிவியில் வந்து, எல்லாம் தான் பார்த்த பெண்களின் வாழ்க்கைதான் என்று பேசினார். கண்ணாடி போட்ட, நல்ல மாதிரியான மனிதர். நங்கையா கடைசிவரைக்கும் கேட்டார்.

"பாத்திருப்பான்" என்றார். "தொவைக்கறதுக்கு முந்தி எந்திரிச்சுப் போயிருப்பான்."

கொஞ்ச நாளில் அங்கேயே ஒரு கம்பெனியில் நங்கையாவுக்குப் பனியனில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை கிடைத்தது. புது இடத்துப் பெண்கள் பழக ஆரம்பித்தார்கள், டிவி பார்க்கவும் வந்தார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்தி, உங்க வீட்டுக்காரர் எப்படித் தவறினார் என்று கேட்டாள். அடுப்படியிலிருந்த நான் எட்டிப் பார்த்தேன். நங்கையா சட்டென்று, லாரி ஆக்சிடென்ட் என்றார். பம்பாயிலிருந்து திரும்பும்போது, மழையில், வீட்டுக்கு வருகிற அவசரத்தில் என்றார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கமான மனுசன் என்று சொல்லி நங்கையாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நங்கையா கையை விடுவித்துக்கொள்ளவில்லை.