மூஞ்சியை மறைச்சாச்சு... சட்டையை?

போன ஞாயிற்றுக்கிழமை என் கல்யாண மண்டபத்தில் கல்யாணம் இல்லை. சினிமா!

ஆமாம், என் மண்டபம்தான். போடியில் ஏலக்காய் மூட்டை தூக்கிய முதுகு கட்டிய மண்டபம். நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் பத்திரிகையில் பத்தி எழுதுகிறான், அதை நீங்களும் வாரம் தவறாமல் படிக்கிறீர்கள். பெருமையடிக்கிறான் என்கிறீர்களா? நான் அடிக்காமல் வேறு யார் அடிப்பது?

படம் எடுத்தது சங்கீதா. ராசிங்காபுரத்துப் பொண்ணு. சென்னையில் கேமராப் படிப்பு படித்தவள். சோற்றுக்குக் கல்யாண வீடியோ... மனசுக்கு, உழைக்கிற சனங்களைப் பற்றிய படம். என் பேரன் கல்யாணத்தை எடுத்ததும் அவள்தான். பந்தியில் எச்சில் இலை எடுக்கிற பொம்பளைகளையும் அழகாக எடுத்து வைத்திருந்தாள். சம்பந்தி வீட்டில் முனகினார்கள். எனக்குப் பிடித்துப்போயிற்று.

இந்தப் படம், போடியிலிருந்து ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பொம்பளைகளைப் பற்றி. சென்னையில் ஒரு கம்பெனி, "உடனே குடுங்க, அடுத்த படத்துக்கு நாங்க செலவு பண்றோம்" என்று சொல்லியிருந்தது. பிள்ளைக்கு எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! ஆனால் அவளுக்கு ஒரு பிடிவாதம்: படத்தில் இருக்கிறவர்கள்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்குத்தான் என் மண்டபம்.

படத்தின் உயிரே ஒரு இடம்தான். ஒரு பொம்பளை பேசுகிறாள். முகத்தை மங்கலாக்கியிருந்தாள் சங்கீதா. அடையாளம் தெரிந்தால் வேலை போய்விடும் இல்லையா?

"வளைவுல ஜீப்பு சாயும்போது பின்கம்பியப் புடிச்சுத் தொங்குறோம். கை நழுவுனா? 'இன்னைக்கு அவ வேலைக்கு வரல'ம்பாக. அம்புட்டுத்தேன்."



அப்போது மண்டபத்தில் முன்னாலிருந்து ஒரு குரல்: "ஏய்... நம்ம பேச்சிடி இவ!"

குரல் கொடுத்தது முத்துமாரி. அதே ஜீப்பில் போகிறவள்.

"மூஞ்சி தெரியலையேக்கா?" என்றாள் சங்கீதா, பதறிப்போய்.

"மூஞ்சி என்னத்துக்கு ஆத்தா? தோள்பட்டையில நீலப் பெயிண்டு அப்பியிருக்கே... பெயிண்டர் பொண்டாட்டி சட்டை, மலைக்கு அந்தப் பக்கமிருந்தே தெரியுமே!"

தோட்டத்துக்குப் போகிற பொம்பளைகள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். குளிருக்கு, அட்டைக்கடிக்கு. தலையில் துண்டு. செடிக்குள் குனிந்தால் முகம் எங்கே தெரியும்? ஒருத்தியை ஒருத்தி சட்டையை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். சங்கீதா முகத்தை மறைத்தாள். ஊரே பார்ப்பது சட்டையை!

எல்லாரும் சிரித்தார்கள். பேச்சி சிரிக்கவில்லை.

எப்படிச் சிரிப்பாள்? காலையில் ஜீப்புக்கு ஆள் பொறுக்குகிற கங்காணிக்கும் அந்தச் சட்டை தெரியுமே. அவர் விரல் நீட்டினால் ஏறலாம். நீட்டாவிட்டால் அடுப்பு எரியாது.

நான் சும்மா இருப்பேனா? "சட்டையவும் மங்கலாக்கு ஆத்தா" என்றேன்.

"குரல என்ன பண்ண பெரியப்பா?" என்றவள், பேச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "எடுத்துர்றேன்க்கா. அந்த இடமே வேணாம்."

அந்த இடம் போனால் படம் ஏது?

முத்துமாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "எடுத்துட்டு என்னத்தக் காட்டுவ? ஏலக்காயவா? அத டப்பாலயே போட்டிருக்கானே! இவ சொன்னத நானும் சொல்றேன். துண்ட அவுத்துட்டுச் சொல்றேன், எடு."

"நானும்" என்றது ஒரு குரல். "நானும்தேன்..." இன்னொன்று.

"ஏ, வேணாண்டி" என்றாள் பேச்சி. "மொத்த ஜீப்பையும் எறக்கி விட்டுருவாரு."

"இப்ப விடுவாரு. களையெடுப்புக்கு ஆளு மிச்சம். காய் எடுப்பு வரட்டும், ஆளே கெடைக்காது... எறக்கி விட்டுட்டு அவரா போயி காய் பொறுக்குவாரு?" சங்கீதா பக்கம் திரும்பினாள் முத்துமாரி. "காய் எடுப்பு வரைக்கும் படத்தப் பூட்டி வைப்பியா?"

சங்கீதா பேச்சியைப் பார்த்தாள். "காய் எடுப்பு வந்தப்பெறகுன்னா சரி" என்றாள் பேச்சி.

அங்கேயே நின்று கம்பெனிக்குப் போன் போட்டாள் சங்கீதா. "சார், காய் எடுப்பு வரைக்கும் படம் தர முடியாது." அந்தப் பக்கம் ஏதோ இங்கிலீஷ். இவள் "பரவாயில்ல சார்" என்று வைத்துவிட்டாள்.

"என்ன சொல்றாங்க ஆத்தா?"

"வேற படத்த எடுத்துக்கிறாங்களாம் பெரியப்பா."

அவ்வளவுதான். கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். ஒவ்வொருத்தியாக வந்து, துண்டில்லாமல் முழு முகமும் தெரியப் பேசினார்கள். கடைசியில் பேச்சியும்.

விலை ஏறட்டும் என்று ஏலக்காயைப் பூட்டி வைத்தவன் நான். அந்தச் சூட்சுமத்தில் என்னை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் கிடையாது. ஆனால் அடுத்தவள் வேலை போகக் கூடாது என்று தன் சரக்கைப் பூட்டி வைத்தவளை இப்போதுதான் பார்க்கிறேன். இந்தச் சினிமாத் தொழிலில் முன்னேறுவது எப்படி என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கென்ன தெரியும்? இப்படி அடுத்தவளுக்காக நாலு முறை பின்னால் போகத் தெரிந்தவள் முன்னேறுவாள் என்று படுகிறது.

காய் எடுப்பு தொடங்கியதும் நம்ம மண்டபத்தில்தான் படம். கங்காணிக்கு முன்வரிசையில், ஃபேனுக்கு நேராகச் சேர் போடச் சொல்லியிருக்கிறேன்... பாவம், மனுசனுக்கு வேர்க்கும்ல!